"அந்த கிளப் திவால்!" என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பார்சிலோனாவை விட்டுப் போகிறார் என்ற செய்தி வந்த மறுநாள், கோத்தகிரி மார்க்கெட் பக்கம் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் என் அக்கா மகன் எல்லோருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்தான். அவன் ரியல் மாட்ரிட் ரசிகன். "பார்சா திவால் மாமா. மெஸ்ஸிக்கே சம்பளம் கொடுக்கக் காசில்ல. இன்னும் ரெண்டு வருஷத்துல கிளப்பையே மூடிடுவாங்க, பாருங்க" என்றான். எதிரே பார்சா ஜெர்சியோடு உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன் வர்க்கியைத் தொடவில்லை.

பார்சிலோனா மூடப்படவில்லை. 2023-லும் 2025-லும் ஸ்பெயினின் மேல்மட்ட லீக்கான லா லிகாவின் கோப்பையை வென்றது. ஆனால் மெஸ்ஸி போவதற்கு இரண்டு வருடம் முன்னால் இங்கிலாந்தில் பரி என்ற கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1885-ல் தொடங்கிய கிளப். எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. பார்சிலோனாவின் கடனோடு வைத்துப் பார்த்தால் பரியின் கடன் ஒரு தூசி. மலையளவு கடன் வைத்திருந்த கிளப் கோப்பை தூக்கியது, தூசியளவு கடன் வைத்திருந்த கிளப் காணாமல் போனது. இது எப்படி?

நான் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். கால்பந்தும் கணக்கும் சேரும் இந்த இடத்தில் நம் பையன்கள் எல்லாக் கட்டத்துக்கும் "திவால்" என்ற ஒரே சொல்லைப் போடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து நிலைமைகள் இருக்கின்றன. எந்த நிலைமையில் யார் அடிபடுகிறார் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

கடன் வேறு, சனிக்கிழமை கூலி வேறு

இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிலத்தின் மதிப்பு பல லட்சம். கூட்டுறவு வங்கியில் கொஞ்சம் கடன் உண்டு. ஃபாக்டரிக்குக் கொழுந்து போடுகிறார், அதற்கான பணம் அடுத்த மாதம்தான் வரும். ஆனால் கொழுந்து பறிக்க வந்தவர்களுக்கு இந்தச் சனிக்கிழமையே கூலி கொடுக்க வேண்டும். கையில் காசில்லை. சொத்துக் கணக்கில் இவர் வசதியானவர்தான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் இவர் திவாலானவர் மாதிரி நிற்கிறார்.

பக்கத்துத் தோட்டக்காரருக்கு இவரைப் போல மூன்று மடங்கு கடன். ஆனால் வங்கி அவரை நம்புகிறது, கேட்டால் இன்னும் கொடுக்கும். அவருடைய ஆட்களுக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி கிடைக்கிறது.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்திக்கொள்வோம்: ரொக்க ஓட்டம். எந்தத் தேதியில் எவ்வளவு காசு உள்ளே வருகிறது, எந்தத் தேதியில் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அது. ஒரு கிளப் பெரும்பாலும் கடன் அதிகமாக இருப்பதால் விழுவதில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் கொடுக்க வேண்டிய காசு கையில் இல்லாமல், கொடுத்து உதவவும் யாரும் இல்லாமல் போகும்போதுதான் விழுகிறது.

2021-ல் பார்சிலோனாவின் கடன் சுமார் 135 கோடி யூரோ என்று கிளப் தலைவர் லபோர்ட்டாவே அறிவித்தார். பயங்கரமான தொகைதான். ஆனால் மெஸ்ஸி போனதற்கு நேரடிக் காரணம் அந்தக் கடன் அல்ல. லா லிகாவில் ஒவ்வொரு கிளப்பின் வருமானத்தையும் பார்த்து, சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக்கே ஒரு உச்சவரம்பு போடும். அதைத் தாண்டினால் வீரரின் பெயரைப் பதிவு செய்ய விடாது. மெஸ்ஸியும் கிளப்பும் ஒப்பந்தம் பேசி முடித்திருந்தும் பதிவு செய்ய வழியில்லை. கல்லட்டி இறக்கத்தில் பிரேக் பிடித்த வண்டியைப் பார்த்து "வண்டி கவிழ்ந்துவிட்டது" என்று என் அக்கா மகன் சொன்னான். பிரேக் பிடித்ததால்தான் அது கவிழவில்லை.

இதுவரை: கடன் பெரிதாக இருப்பது ஒரு நிலைமை, தேதிக்குக் காசு இல்லாமல் போவது இன்னொரு நிலைமை. கிளப்பைக் கொல்வது இரண்டாவது.

காசு எங்கிருந்து வருகிறது

இதைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். பெரிய கிளப்புக்கு மூன்று வாய்க்கால்கள்: டிவி ஒளிபரப்பு உரிமை, மைதான டிக்கெட், விளம்பரமும் ஜெர்சி விற்பனையும். போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான், சம்பளம்.

சிக்கல் எங்கே என்றால், சம்பளம் மூன்று நான்கு வருட ஒப்பந்தம், வருமானமோ வருடா வருடம் மாறுவது. ஒரு படி கீழ் லீக்குக்கு இறங்கினால் டிவி பணம் பாதாளத்துக்குப் போகும், வீரருக்கு எழுதிக் கொடுத்த சம்பளம் அப்படியே நிற்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டெட் இதற்குப் பாடமான கிளப். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2001-ல் அரையிறுதி வரை போனது. ஒவ்வொரு வருடமும் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறுவோம் என்ற கணக்கில் கடன் வாங்கியிருந்தார்கள். தகுதி பெறவில்லை. 2004-ல் இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கினார்கள். 2007-ல் நொடித்துப் போய் மூன்றாம் நிலை லீக்கில் நின்றார்கள்.

சின்ன கிளப்புகளுக்கு நான்காவது வாய்க்கால் ஒன்று உண்டு, உரிமையாளரின் சட்டைப்பை. அவர் மாதாமாதம் கையிலிருந்து போட்டு ஓட்டுவார். அவருக்கு அலுத்துப் போனாலோ, அவருடைய சொந்தத் தொழில் படுத்தாலோ கிளப்பும் படுத்துவிடும். பரிக்கு நேர்ந்தது இதுதான். 2018 டிசம்பரில் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது. 2019 வசந்தத்தில் அந்த அணி ஒரு படி மேலே ஏறியது. அப்போது வீரர்களுக்குச் சம்பளமே சரியாக வந்துகொண்டிருக்கவில்லை. சம்பளம் வராமல் விளையாடி மேலே ஏறிய பையன்கள் அவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கேட்பதில்லை.

விளையாத கேரட்டை விற்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான சரிவுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேத்தி பாலாடா பக்கம் கேரட் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விதைக்கும் உரத்துக்கும் காசில்லாதபோது மேட்டுப்பாளையம் மண்டியில் முன்பணம் வாங்குவார்கள். விளைந்ததும் மூட்டை அந்த மண்டிக்கே போக வேண்டும். ஒரு போகத்துக்கு இப்படிச் செய்தால் சமாளித்துவிடலாம். முன்பணத்தை விதைக்குப் போடாமல் பழைய கடனை அடைக்கப் போட்டால், அடுத்த போகம் விளைந்தாலும் அது ஏற்கனவே விற்றுப்போன கேரட். அதற்கடுத்த போகத்துக்கு மறுபடி முன்பணம். உழைப்பு நம்முடையது, விளைச்சல் இன்னொருவருடையது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ரேஞ்சர்ஸ், செல்டிக் என்று இரண்டு கிளப்புகள். நூறு வருடத்துக்கும் மேலான பகை, அதில் மதமும் கலந்தது. 2011 மே மாதம் கிரெய்க் வைட் என்பவர் ரேஞ்சர்ஸை 1 பவுண்டு கொடுத்து வாங்கினார். கிளப் வங்கிக்கு 1.8 கோடி பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அதை அவர் அடைத்தார். பிறகுதான் தெரிந்தது, வரப்போகும் வருடங்களின் சீசன் டிக்கெட் வருமானத்தை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்று அந்தக் காசில் அடைத்திருக்கிறார் என்று. அதாவது ரசிகர்கள் அடுத்த வருடம் கொடுக்கப்போகும் டிக்கெட் காசில்தான் கிளப் வாங்கப்பட்டிருந்தது. இது தொடர்பான மோசடி வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று 2017-ல் தீர்ப்பானது. ஆனால் சட்டப்படி குற்றமில்லை என்பதால் கேரட் திரும்பி வந்துவிடாது.

அன்றாடச் செலவுக்குக் காசு குறைந்ததும் கிளப் செய்தது என்ன? ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அரசுக்குக் கட்டாமல் அதை வைத்து மாதங்களை ஓட்டியது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு நிறுவனம் பிடித்த வரியையும் பி.எஃப்.பையும் கட்டாமல் நிறுத்துகிறது என்றால், தலைப்புச் செய்தி வருவதற்கு ஆறு மாதம் முன்பே அதன் கதை எனக்குத் தெரிந்துவிடும்.

பார்சிலோனாவும் முன்பணம் வாங்கியது. 2022-ல் தன் லா லிகா டிவி வருமானத்தில் 25 சதவீதத்தை 25 வருடங்களுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. வித்தியாசம், அதனிடம் விற்க இன்னும் முக்கால் பங்கு மீதி இருந்தது. உலகம் முழுக்க ஜெர்சி வாங்கும் ஆட்களும் இருந்தார்கள். அதனால் இது சரியான வழி என்று நான் சொல்ல வரவில்லை. 25 வருடம் என்பது இன்று பிறந்த குழந்தை வேலைக்குப் போகும் வரையான காலம்.

இதுவரை: வருமானம் ஏறி இறங்கும், சம்பளம் இறங்காது. இடைவெளியை நிரப்ப நாளைய வருமானத்தை இன்றே விற்பார்கள். அதுவும் தீர்ந்தால் வரியைக் கட்டாமல் விடுவார்கள்.

அதன் பிறகு வரும் படிகள்

பிரிட்டனில் நடக்கும் முறையைச் சொல்கிறேன், நம் பையன்கள் பேசும் கதைகள் பெரும்பாலும் அங்கிருந்து வருவதால்.

முதல் படி, கலைப்பு மனு. பணம் வர வேண்டியவர் நீதிமன்றத்துக்குப் போய், "இந்த நிறுவனம் எனக்குக் கொடுக்க முடியாமல் இருக்கிறது, இதைக் கலைத்து விற்றுக் கொடுங்கள்" என்று கேட்பது. பெரும்பாலும் வரித்துறைதான் இந்த மனுவைப் போடும். மனு போட்டாலே கிளப் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கடைசி நாளில் பணத்தைக் கட்டி மனுவை முடித்துக்கொண்ட கிளப்புகள் ஏராளம்.

இரண்டாவது படிக்குத்தான் ஆங்கிலப் பத்திரிகைகள் அட்மினிஸ்ட்ரேஷன் என்று பெயர் சொல்கின்றன. இதை "நிர்வாகம்" என்று மொழிபெயர்த்துவிடுவதால் நம்மவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. பழைய முதலாளியை ஒதுக்கிவிட்டு, நொடித்த நிறுவனங்களைக் கையாளத் தெரிந்த வெளியாள் ஒருவரிடம் சாவியைக் கொடுப்பது, அவ்வளவுதான். அவர் இருக்கும் வரை கடன் கொடுத்தவர்கள் யாரும் கதவை உடைத்துக்கொண்டு வர முடியாது. அந்த அவகாசத்தில் அவர் செலவைக் குறைத்து, வாங்க ஆள் தேடுவார். நம் நாட்டில் 2016-ன் திவால் சட்டத்தில் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல் பறப்பதை நிறுத்திய பிறகு இந்த வழியில்தான் போனது. பல வருடம் இழுத்து, 2024-ல் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. ஆக இது ஐ.சி.யூ. மாதிரி. உள்ளே போனவர் நடந்தும் வரலாம்.

கால்பந்தில் இதற்குத் தனியாக ஒரு தண்டனையும் உண்டு. உள்ளே போன கிளப்பின் புள்ளிகளைக் கழிப்பார்கள். பிரீமியர் லீக்கில் 9, அதற்குக் கீழே உள்ள லீக்குகளில் இப்போது 12. கடனைக் கொடுக்காமல் நல்ல வீரர்களை வைத்து ஜெயிப்பது ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் கிளப்புக்கு அநியாயம் என்பதுதான் காரணம். 2021-ல் டெர்பி கவுண்டிக்கு இதற்காக 12, கணக்கு எழுதியதில் விதிமீறலுக்காக 9, மொத்தம் 21 புள்ளிகள் போயின. 2022-ல் மூன்றாம் நிலைக்கு இறங்கினார்கள். அதே வருடம் அவர்களுடைய பரம எதிரி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ஃபாரஸ்ட் ரசிகர்களுக்கு அந்த ஒரே கோடையில் எத்தனை தீபாவளி!

மூன்றாவது படி, கடன் சமரசம். "ரூபாய்க்கு இருபது காசு தருகிறோம், கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது. ஓட்டுப் போடும் கடன் தொகையில் 75 சதவீதத்துக்கு உரியவர்கள் சரி என்று சொன்னால் எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

நான்காவது படி, கலைப்பு. இதுதான் உண்மையான முடிவு. ஆனால் இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கலைவது நிறுவனம்தான். மைதானம், பெயர், சின்னம் எல்லாவற்றையும் இன்னொரு புதிய நிறுவனம் விலைக்கு வாங்கி ஆட்டத்தைத் தொடரலாம். எங்கள் பக்கம் ஃபாக்டரி கைமாறும்போது கம்பெனிப் பெயர் மாறும், அதே இயந்திரம், அதே பாய்லர், அதே சங்கு. பழைய கம்பெனி கொழுந்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் புதிய கம்பெனியின் கணக்கில் ஏறாது.

ரேஞ்சர்ஸ் 2012 பிப்ரவரி 14 அன்று இரண்டாவது படிக்குப் போனது, 10 புள்ளிகள் போயின. ஜூனில் மூன்றாவது படியை வரித்துறை ஒத்துக்கொள்ளவில்லை. நான்காவது படி வந்தது. சொத்துகளை 55 லட்சம் பவுண்டுக்குப் புதிய நிறுவனம் ஒன்று வாங்கியது. அந்தப் புதிய நிறுவனத்துக்கு மேல் லீக்கில் இடம் கொடுக்கலாமா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டன. அப்போது அந்தக் கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் சொந்தக் கிளப்புகளிடமே சொன்னார்கள்: அவர்களை நேரடியாக உள்ளே விட்டால் நாங்கள் சீசன் டிக்கெட் வாங்க மாட்டோம். எதிரணி ரசிகர்களின் கோபம் கணக்குப் புத்தகத்தைத் தொட்ட அபூர்வமான இடம் இது. ரேஞ்சர்ஸை வைத்துக்கொண்டால் வரும் டிவி பணத்தைவிடத் தங்கள் ரசிகர்கள் முக்கியம் என்று கிளப்புகள் முடிவெடுத்தன. ரேஞ்சர்ஸ் நான்காம் நிலையிலிருந்து தொடங்கியது. அங்கே அவர்களுடைய முதல் சொந்த மைதான லீக் ஆட்டத்துக்கு 49,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

"அது செத்துப்போன கிளப், இப்போது இருப்பது வேறு" என்று செல்டிக் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். ரேஞ்சர்ஸ் தன் பட்டங்களைத் தொடர்ச்சியாகவே எண்ணி, 2021-ல் 55-வது லீக் பட்டத்தைக் கொண்டாடியது. யார் சரி? நிறுவனம் என்று பார்த்தால் முதல் கூட்டம். 49,000 பேர் என்று பார்த்தால் இரண்டாவது கூட்டம். நான் இரண்டாவது பக்கம்.

இதுவரை: மனு, வெளியாளிடம் சாவி, சமரசம், கலைப்பு. எந்தப் படி என்று கேட்காமல் "திவால்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சலுக்கும் கருமாதிக்கும் ஒரே பெயர் வைத்த மாதிரி.

யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்

தொண்ணூறுகளின் கடைசியில் நீலகிரியில் பசுந்தேயிலை விலை விழுந்தது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் என் அப்பா கொழுந்து போட்ட ஃபாக்டரி ஒன்று மூடப்பட்டது. பெயர் வேண்டாம். மூன்று மாதக் கொழுந்துப் பணம் பாக்கி. ஃபாக்டரியை விற்ற காசில் முதலில் அடமானம் வைத்திருந்த வங்கி எடுத்துக்கொண்டது. அப்புறம் வேறு யார் யாரோ. வரிசையின் கடைசியில் கொழுந்து போட்டவர்கள். அப்பாவுக்குக் கையில் வந்தது ஒன்றுமில்லை. முதலாளியைவிட அப்பாதான் அந்த ஃபாக்டரிக்கு வருத்தப்பட்டார். தினமும் காலையில் சங்கு சத்தம் கேட்டு எழுந்தவர்.

கால்பந்தில் இந்த வரிசை இன்னும் கொடுமையானது. இங்கிலாந்தில் "கால்பந்துக் கடன் முன்னுரிமை" என்று ஒரு விதி இருக்கிறது. நொடித்த கிளப் லீக்கில் தொடர வேண்டுமானால், வீரர்களின் சம்பளத்தையும் மற்ற கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் முழுசாகக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு கிளப் விழுந்தால் அதனிடம் வீரரை விற்ற கிளப்புகளும் சீட்டுக்கட்டு மாதிரி சாயக்கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது யார்? மைதானத்தில் பலகாரம் போட்டவர், ஜெர்சி துவைத்தவர், பஸ் ஓட்டியவர், பொதுமக்களின் வரி. வரித்துறை இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டு 2012-ல் தோற்றது.

போர்ட்ஸ்மத் 2010-ல் நொடித்தது. அதனிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் பட்டியலில், ஆட்ட நாளில் மயங்கி விழுகிறவர்களுக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. சமரசத்தில் பேசிய கணக்கு பவுண்டுக்கு 20 பென்ஸ். நட்சத்திர வீரரின் பாக்கியோ முழுசாகக் கொடுக்க வேண்டியது.

இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது ரொம்ப நேரம் பேசவில்லை. அவன் தாத்தாவின் கொழுந்துக் கதை அவனுக்குத் தெரியும். அதையும் இதையும் அவன் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சிரித்தவர்களுக்கு என்ன ஆனது

சவுத்தாம்ப்டனும் போர்ட்ஸ்மத்தும் தென் இங்கிலாந்தின் துறைமுக ஊர்கள். இரண்டுக்கும் நடுவே கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு உள்ள தூரம்தான். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. 2009 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனின் தாய் நிறுவனம் நொடித்தது. "நொடித்தது கிளப் இல்லை, தாய் நிறுவனம்தான்" என்று வாதாடிப் பார்த்தார்கள். லீக் ஏற்கவில்லை, 10 புள்ளிகளைக் கழித்தது. அப்போது போர்ட்ஸ்மத் பிரீமியர் லீக்கில் இருந்தது, முந்தின வருடம்தான் எஃப்.ஏ. கோப்பை வென்றிருந்தது. 2010 பிப்ரவரி 13 அன்று சவுத்தாம்ப்டன் மைதானத்திலேயே போய் 4-1 என்று ஜெயித்தது. அதற்குப் பதின்மூன்று நாள் கழித்து, நொடித்துப் போய் சாவியை வெளியாளிடம் கொடுத்த முதல் பிரீமியர் லீக் கிளப் என்ற பெயர் போர்ட்ஸ்மத்துக்கு வந்தது. அதைவிட, மூன்று வருடத்தில் நான்காம் நிலை வரை சரிந்தது. சவுத்தாம்ப்டனோ புதிய உரிமையாளர் கிடைத்து 2012-ல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. கேலி செய்யும் முறை இடம் மாறியது. 2013-ல் போர்ட்ஸ்மத்தைக் காப்பாற்றியது அதன் ரசிகர்கள்தான். காசு போட்டு அறக்கட்டளை அமைத்து கிளப்பையே வாங்கினார்கள்.

கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் விழுந்தபோது செல்டிக் ரசிகர்கள் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்து மாதிரி ஜெல்லியும் ஐஸ்கிரீமும் வைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாடிய சந்தோஷம் நிஜம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பகை இல்லாமல் கால்பந்து இல்லை. ஆனால் அதன் பிறகு நான்கு வருடம் அந்த நகரத்தில் லீக் டெர்பியே, அதாவது இரண்டு உள்ளூர் எதிரிகளும் மோதும் லீக் ஆட்டமே, நடக்கவில்லை. செல்டிக் வருடா வருடம் ஜெயித்தது, எதிரே நின்று முறைக்க ஆள் இல்லாமல்.

ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. 2000-களின் தொடக்கத்தில் போருசியா டார்ட்மண்ட் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லாமல் நின்றபோது, பரம எதிரி பயர்ன் மியூனிக் 20 லட்சம் யூரோ கடன் கொடுத்தது, அடமானம் எதுவும் கேட்காமல். பல வருடம் கழித்து 2012-ல்தான் பயர்ன் தலைவர் ஹோனஸ் இதை வெளியே சொன்னார். அதே 2012-ல் டார்ட்மண்ட் பயர்னை முந்தி லீக்கையும், இறுதிப் போட்டியில் பயர்னையே அடித்துக் கோப்பையையும் வென்றது.

அப்புறம் பரி. 2019 ஆகஸ்டில் கடைசிக் கெடு நெருங்கியபோது, அடுத்த ஆட்டம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைத் துடைத்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று லீக் கிளப்பை நீக்கியது. அண்டை ஊர் போல்டனும் அதே சிக்கலில்தான் இருந்தது. மறுநாள் வாங்க ஆள் கிடைத்துத் தப்பியது. பரியின் முடிவு பெரிய கேள்விகளைக் கிளப்பி, 2025-ல் கால்பந்து நிர்வாகத்துக்கு என்றே பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. இப்போது தனி ஒழுங்குமுறை ஆணையம் கிளப்புகளின் கணக்கைப் பார்க்கும்.

மலைக்குக் கீழே

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது. கோயம்புத்தூர் நேரு மைதானத்தை சொந்த மைதானமாக வைத்திருந்த சென்னை சிட்டி கிளப் 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்றது. சில வருடத்திலேயே தேசிய லீக்குகளில் அந்தப் பெயர் இல்லாமல் போனது. எங்கள் ஊர்ப் பையன்கள் பஸ் பிடித்து இறங்கிப் போய் ஆதரித்த ஒரே கிளப் அது.

2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி.யும், சென்னை சிட்டி அல்லாத இன்னொரு சென்னை கிளப்பான சென்னையின் எஃப்.சி.யும் வீரர், ஊழியர் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. அவை ஆடும் ஐ.எஸ்.எல். என்ற தேசிய லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, புதுப்பிக்கப்படவில்லை. சீசன் நடக்குமா என்றே தெரியாதபோது டிவி பணமும் இல்லை, விளம்பரமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மேலே சொன்ன மூன்று வாய்க்கால்களும் ஒரே நாளில் வறண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த உதாரணம் அது. இங்கே கலைப்பு மனு இல்லை, சாவி யாரிடமும் போகவில்லை, அதனால் திவால் என்ற சொல் பொருந்தாது. ஆனால் மைதானத்துக்குப் புல் வெட்டுகிறவருக்கு அந்த மாதம் சம்பளம் வரவில்லை என்றால், அவர் வீட்டில் இந்த வித்தியாசத்தைப் போய் விளக்க முடியாது.

அந்த வாரம் கூடலூரிலிருந்து வந்த பையன் ஒருவன் அதே டீக்கடையில் இருந்தான். கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன், சென்னை அணி என்றாலே வம்புக்கு இழுக்கிறவன். என் அக்கா மகன் அவன் வாயை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் செய்தியைப் படித்துவிட்டு போனை மேசையில் கவிழ்த்து வைத்தான். "சம்பளம் நிறுத்தினது பிளேயர்ஸுக்கு மட்டுமா மாமா, கிட் துவைக்கிறவங்களுக்குமா?" என்று என்னைக் கேட்டான். எல்லாருக்கும்தான் தம்பி என்றேன். அக்கா மகன் எழுந்து போய் மூன்று டீ சொன்னான்.